யூடியூப் சந்தாக்கள்: எப்போது பார்க்கப் போகிறோம்?

ஒரு யூடியூப் சேனலுக்குச் சந்தாதாரர் ஆகப் பணம் கட்ட வேண்டியதில்லை, படிவம் நிரப்ப வேண்டியதில்லை. விரலால் ஒரு தட்டு போதும். அதனால்தான் பட்டியல் நம்மை அறியாமலே நீண்டுவிடுகிறது. மிக்ஸி ஜாரின் பிளேடை எப்படிக் கழற்றுவது என்று பார்க்கப் போன இடத்தில் ஒன்று சேரும். பிள்ளையின் பத்தாம் வகுப்புக் கணக்குக்காக ஒன்று, ஊரடங்கில் மாடித் தோட்டம் போட ஆசைப்பட்டபோது நாலைந்து, உறவுக்காரர் தொடங்கிய சேனல் என்பதால் மறுக்க முடியாமல் ஒன்று. சில ஆண்டுகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிடும். அதன் பிறகு நடப்பதுதான் வருத்தமானது. நாம் உண்மையிலேயே மதிக்கிற ஒரு சேனல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல காணொளி ஒன்றைப் போடும். அது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அந்தக் காணொளியைத் தவறவிடாமல் இருப்பதற்கான வழிகளை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். எத்தனை சேனல் வைத்திருக்கலாம் என்று ஓர் அளவு சொல்ல மாட்டேன். இருநூறு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, இருபதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களும் உண்டு.

ஒரே நீள வரிசை

செயலியைத் திறந்ததும் வருகிற 'ஹோம்' பக்கமும், கீழ்ப்பட்டையில் இருக்கும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கமும் வேறுவேறு. பலர் ஹோம் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். "சப்ஸ்கிரைப் பண்ணியும் வீடியோ வருவதில்லை" என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஹோம் பக்கத்தை நிரப்புவது நீங்கள் இதுவரை பார்த்தவற்றை வைத்து யூடியூப் போடும் கணிப்பு. சந்தா சேராத சேனல் அங்கே வரும், சேர்ந்த சேனல் வராமலும் போகும். சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்திலோ நீங்கள் சேர்ந்த சேனல்கள் மட்டும்தான் வரும், புதியது மேலே, பழையது கீழே. சிலருடைய கணக்கில் உச்சியில் 'மோஸ்ட் ரெலவன்ட்' என்று சில காணொளிகளைத் தனியாகக் காட்டுகிறார்கள். அதைத் தாண்டிக் கீழே போனால் கால வரிசை இருக்கும். 2018-இல் இந்த வரிசையையும் கணிப்பின்படி கலைத்துப் பார்க்கும் ஒரு சோதனையை யூடியூப் நடத்தியது. பார்ப்பவர்களும் சேனல் நடத்துகிறவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். யார் எப்போது போட்டாரோ அந்த வரிசையிலேயே காட்டும் ஒரு பக்கம் இன்று அரிதான வசதி. இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பக்கத்தை நம்பியே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் யூடியூப் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிறு பட்டியல் ஒன்று விரியும். அதிலுள்ள 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதை இழுத்து முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஹோம் பக்கத்தைக் கடக்காமலே நேராகச் சந்தாப் பக்கத்துக்குப் போய்விடலாம். வேறு எதையும் செய்யாமல் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

கால வரிசையில் ஒரு குறையும் உண்டு. அதிகம் போடுகிறவருக்கே அதில் இடம் அதிகம். தந்தி டிவி, புதிய தலைமுறை, சன் நியூஸ் போன்ற செய்திச் சேனல்கள் ஒரே நாளில் பல பத்துக் காணொளிகளை ஏற்றுகின்றன. இவற்றில் இரண்டுக்குச் சந்தா இருந்தால் போதும், ரேஷன் கடை வரிசையில் ஒருவரே பத்துப் பைகளைப் போட்டு இடம் பிடித்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் காத்திருந்த எழுத்தாளரின் உரை அன்று காலை வந்திருக்கும். மாலையில் அதைப் பார்க்க எத்தனை முறை திரையைத் தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேனல்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்க 'கலெக்‌ஷன்ஸ்' என்ற வசதி ஒரு காலத்தில் யூடியூபிலேயே இருந்தது. 2015-இல் அதை எடுத்துவிட்டார்கள். பயனர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் அதற்கு ஈடான ஒன்றை அவர்கள் திருப்பித் தரவில்லை. எனவே பிரிக்கும் வேலை நம்முடையது.

முதலில் பட்டியலை வெளியே எடுங்கள்

போனில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்தின் மேல் ஓரத்தில் 'ஆல்' என்று இருக்கும். அதைத் தட்டினால் எல்லாச் சேனல்களும் ஒரே பட்டியலாக வரும். அகர வரிசையில் பார்க்கலாம், அண்மையில் புதிதாகப் போட்டவர்கள் மேலே வரும்படியும் பார்க்கலாம். ஐம்பது சேனல் வரை இருப்பவர்களுக்கு இதுவே போதும்.

அதற்கு மேல் இருந்தால் 'கூகுள் டேக்அவுட்' தளத்துக்குப் போங்கள். நம்மைப் பற்றிக் கூகுள் வைத்திருக்கும் தகவல்களை நாமே இறக்கிக்கொள்ள அந்த நிறுவனமே தரும் வசதி அது. உள்ளே போனதும் எல்லாம் தேர்வாகியிருக்கும். முதலில் அத்தனையையும் நீக்குங்கள், இல்லையென்றால் உங்கள் புகைப்படங்களும் மின்னஞ்சலும் சேர்ந்து பெரும் மூட்டையாக வந்து இறங்கும். பிறகு 'யூடியூப்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்குள்ளும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' தவிர மற்றவற்றை நீக்குங்கள். சிறிது நேரத்தில் மின்னஞ்சலில் ஒரு கோப்பு வரும். சேனலின் அடையாள எண், முகவரி, பெயர் என்று அதில் மூன்றே பத்திகள் இருக்கும். எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியக்கூடும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் சரியாக வரும்.

இந்தக் கோப்பை எங்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு பூட்டப்பட்டாலோ கடவுச்சொல் பறிபோனாலோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியலை நினைவிலிருந்து மீட்க முடியாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் சந்தாக்களை மொத்தமாக மாற்றும் வசதியையும் யூடியூப் தரவில்லை. கோப்பிலுள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சேர வேண்டும். முகவரிகள் கையில் இருந்தால் அதையாவது செய்யலாம்.

இப்போது அந்த மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள். ஒன்றுக்கு 'எவ்வளவு அடிக்கடி' என்றும் மற்றதற்கு 'எப்போது' என்றும் தலைப்பிடுங்கள். முதலாவதை நிரப்ப, சேனலின் காணொளிப் பக்கத்தைத் திறந்து கடைசி நாலைந்து காணொளிகள் வந்த காலத்தைப் பார்த்தால் போதும். நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு இரண்டு என்று தோராயமாக எழுதினால் போதுமானது.

இதைச் செய்யும்போது, இரண்டு மூன்று ஆண்டுகளாக எதுவுமே போடாத சேனல்கள் பல தென்படும். அவற்றை நீக்கத்தான் கை முதலில் பரபரக்கும். நீக்க வேண்டாம். பேசாமல் இருக்கிற சேனல் உங்கள் வரிசையில் ஓர் அங்குல இடத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. என்றாவது ஒருநாள் அவர் திரும்பி வந்து ஒரு காணொளி போட்டால், அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க அந்தச் சந்தா ஒன்றுதான் வழி. முதலில் கைவைக்க வேண்டியது அதிகம் போடும் சேனல்களில், அதிலும் நீங்கள் பார்க்காமலே தள்ளிக்கொண்டு போகிறவற்றில்.

பொருளை வைத்துப் பிரிக்காதீர்கள்

பட்டியல் கையில் வந்ததும் எல்லோரும் சமையல், செய்தி, பக்தி, படிப்பு, சினிமா என்றுதான் பிரிப்பார்கள். தாளில் பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

சமையலையே எடுத்துக்கொள்வோம். வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அடுப்பை மூட்டும் முன் பார்க்கிற சேனல் ஒன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் இன்னொன்று. 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் அது. முதலாவது, கரண்டியும் கையுமாக நிற்கும்போது இரண்டு நிமிடம் பார்க்க வேண்டியது. இரண்டாவதை யாரும் அளவு குறித்துக்கொள்ளப் பார்ப்பதில்லை. சாப்பிட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே உட்கார்ந்து பார்க்கிறது. இரண்டையும் 'சமையல்' என்ற ஒரே பெயரின் கீழ் வைத்தால், ஒன்றைத் தேடும்போது மற்றது குறுக்கே நிற்கும். படிப்பும் இப்படித்தான். பேருந்துக்குக் காத்திருக்கையில் பார்க்கக்கூடிய மூன்று நிமிட ஆங்கில இலக்கணமும், நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டிய பொறியியல் விரிவுரையும் பொருளால் ஒன்று. பொழுதால் அவற்றுக்கு எந்த உறவும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை நான் எப்போது பார்க்கிறேன்? 'எப்போது' பத்தியில் அதற்கான பதில் வர வேண்டும். காலையில் காபியோடு, வேலைக்குப் போகும் வழியில் காதால் மட்டும் கேட்க, இரவு டிவியில் குடும்பத்தோடு, நோட்டுப் புத்தகத்தோடு, இப்படி. பொழுதுகள் ஆளுக்கு ஆள் மாறும். இரவுப் பணிக்குப் போகும் செவிலியருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே வகுப்புகள் பொருந்தாது. உங்கள் நாளைப் பார்த்து நீங்களே பெயர் வையுங்கள். நாலு ஐந்துக்கு மேல் வேண்டாம்.

காதால் கேட்பவை என்ற வகுப்பை யாரும் விட்டுவிடக் கூடாது. தமிழ் யூடியூபில் பேச்சுக்குக் குறைவே இல்லை. இலக்கியக் கூட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து ஏற்றிவரும் சுருதி டிவி போன்ற சேனல்கள், பட்டிமன்றங்கள், கதை வாசிப்புகள், கச்சேரிகள் எல்லாம் திரை இல்லாமலே அனுபவிக்கத் தக்கவை. இவற்றை மற்றக் காணொளிகளோடு கலந்து வைத்தால், டிவி முன் உட்காரும் நேரத்தில் 'இது நீளமாக இருக்கிறதே' என்று தள்ளிவிடுவோம், பாத்திரம் துலக்கும் நேரத்தில் கேட்க எதுவும் இல்லாமல் நிற்போம்.

அடுத்து, பெரும்பாலோர் பட்டியலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கூட்டம்: தேவைப்படும்போது மட்டும் பார்ப்பவை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஆன்லைனில் பட்டா நகல் எடுப்பது, தையல் இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் சரிசெய்வது. இவற்றில் உங்களுக்கு உதவியது ஒரு காணொளி. அந்தச் சேனல் இனிமேல் போடப்போகும் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. 'வீடு: பழுது', 'அரசு வேலைகள்' என்று பிளேலிஸ்ட்கள் தொடங்கி, அந்தக் காணொளிகளை அவற்றில் சேமியுங்கள். பிறகு சந்தாவை விட்டுவிடலாம். மறுபடி அதே சேனலில் வேறொன்று வேண்டியிருந்தால், சேனல் பக்கத்திலேயே இருக்கும் தேடல் பூதக்கண்ணாடி அந்தச் சேனலுக்குள் மட்டும் தேடித் தரும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

பாடங்களுக்கும் இதே வழிதான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் விரிவுரைகள் பாடவாரியாக பிளேலிஸ்ட்களாகவே கிடைக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஒரு பாடம் என்றால் அந்த பிளேலிஸ்ட்டை மட்டும் சேமியுங்கள். சேனலுக்குச் சந்தா சேர்ந்தால் உங்களுக்குச் சம்பந்தமில்லாத துறைகளின் வகுப்புகள் எல்லாம் வந்து குவியும். தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் அப்படியே பிள்ளையின் வகுப்புக்கு மட்டும் எடுத்து வைக்கலாம்.

செய்திச் சேனல்களைப் பற்றி என் கருத்து உறுதியானது: அவற்றுக்குச் சந்தாவே வேண்டாம். செய்தி வேண்டும் என்று தோன்றும்போது சேனலின் பக்கத்துக்கு நாமே போகலாம், நேரலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய செய்தி நடந்தால் அது ஹோம் பக்கத்தில் தானாகவே வந்து நிற்கும். நாளுக்குப் பல பத்து போடும் ஒரு சேனலைச் சந்தா வரிசையில் வைப்பது, அடக்கமாக வேலை செய்யும் மற்ற எல்லாச் சேனல்களுக்கும் செய்கிற அநீதி.

கடைசி வகுப்பு அபூர்வங்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு காணொளிகள் மட்டும் போடுகிறவர்கள். ஒரு கோயில் கல்வெட்டைப் பற்றி மாதக்கணக்கில் படித்துவிட்டுப் பேசுகிறவர், மரவேலை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படம்பிடிக்கிறவர், அழிந்துவரும் ஒரு நெல் ரகத்தைத் தேடி அலைகிறவர். ஹோம் பக்கக் கணிப்பு இவர்களுக்கு உதவுவதில்லை. அவர்கள் போட்டு வெகுநாளாகிவிட்டதால், நீங்கள் பார்த்தும் வெகுநாளாகியிருக்கும், அதையே ஆர்வமின்மை என்று அது எடுத்துக்கொள்ளும். சந்தா என்ற ஏற்பாடு முழுப் பயன் தருவது இவர்களுக்குத்தான். உங்கள் பட்டியலில் இவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பதற்காகவே இவ்வளவு நேரம் செலவழித்தோம் என்றுகூடச் சொல்வேன்.

மணி யாருக்கு?

'பெல் பட்டனை அழுத்துங்கள்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். சந்தா சேர்ந்ததும் மணி 'பெர்சனலைஸ்டு' நிலையில் இருக்கும். அதாவது எதை உங்களுக்குச் சொல்லலாம் என்று யூடியூப் தீர்மானிக்கும். 'ஆல்' என்றால் எல்லாவற்றுக்கும் அறிவிப்பு, 'நன்' என்றால் எதற்கும் இல்லை.

அபூர்வங்களுக்கு மட்டும் 'ஆல்' வையுங்கள், மற்ற அனைத்துக்கும் 'நன்'. நடுவிலுள்ள நிலையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, எது வரும் எது வராது என்று நமக்கே தெரியாத ஓர் ஏற்பாட்டை நம்பி இருக்க முடியாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சேனல் 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று புதிய காணொளி அறிவிப்புகளைத்தான் அனுப்ப முடியும் என்று யூடியூப் வரம்பு வைத்திருக்கிறது. நாளுக்குப் பத்துப் போடும் சேனலுக்கு 'ஆல்' வைத்தாலும் எல்லாம் வந்து சேராது. ஆண்டுக்கு நான்கு போடுகிறவருக்கு இந்த வரம்பால் எந்த இழப்பும் இல்லை.

அறிவிப்புகள் நேரங்கெட்ட நேரத்தில் வருவது தொல்லையாக இருந்தால், செயலியின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் 'ஷெட்யூல்டு டைஜஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய அறிவிப்புகள் அனைத்தும் நீங்கள் குறித்த ஒரே நேரத்தில் சேர்ந்து வரும். பார்க்க நேரம் இருக்கும் வேளையாகப் பார்த்து வையுங்கள்.

நீக்குவதில் உள்ள தயக்கம்

சந்தாவை விட்டால் சேனல்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு, அதுவும் உறவினர், நண்பர் சேனல் என்றால் கேட்கவே வேண்டாம். யார் விலகினார் என்று யூடியூப் சொல்லி அனுப்புவதில்லை. மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவே. ஆனாலும் சித்தப்பா மகன் ஆசையாகத் தொடங்கிய சேனலை விட்டு விலகத்தான் வேண்டுமா? மணியை 'நன்' ஆக்கிவிட்டுச் சந்தாவை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது ஊக்கம், உங்களுக்குச் சுமை இல்லை. உங்கள் சந்தாக்களை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றால், அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய் அவற்றை மறைத்து வைக்க முடியும்.

விலகிய பிறகும் சில சேனல்கள் ஹோம் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். சந்தா வேறு, பரிந்துரை வேறு என்பதால் இப்படி. காணொளிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அருகிலேயே இருக்கும் 'நாட் இன்ட்ரஸ்டெட்' அந்த ஒரு காணொளியைப் பற்றிய கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

பொதுத் தேர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ படிக்கிறவர்களுக்கு இன்னும் கடுமையான ஒரு வழி உண்டு. பார்த்தவற்றின் வரலாற்றை முழுதாக அழித்துவிட்டு, வரலாறு சேர்வதையும் நிறுத்திவிடுங்கள். 2023 ஆகஸ்டில் யூடியூப் செய்த மாற்றத்துக்குப் பிறகு, அப்படிச் செய்தவர்களுக்கு ஹோம் பக்கம் பரிந்துரைகள் இல்லாமல் வெறுமையாக இருக்கும். மிச்சமிருப்பது சந்தாப் பக்கமும் தேடலும் மட்டும். தேர்வு முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அழித்த வரலாறு திரும்பாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

குழுக்களை எங்கே வைப்பது?

எழுதிவைத்த வகுப்புகள் நடைமுறைக்கு வர ஓர் இடம் வேண்டும். கணினியில் பார்க்கிறவர்களுக்கு மிக எளிய வழி பிரவுசர் புக்மார்க்தான். 'காலை', 'கேட்க', 'இரவு' என்று கோப்புறைகள் தொடங்கி, ஒவ்வொரு சேனலின் காணொளிப் பக்கத்தையும் உரிய கோப்புறையில் சேருங்கள். கோப்புறையின்மேல் வலது கிளிக் செய்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கும் வசதி இருக்கும். ஒரு கோப்புறைக்கு ஏழெட்டுச் சேனல் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும், எந்தச் செயலியையும் நம்ப வேண்டியதில்லை.

அதற்கு மேல் வேண்டுமென்றால் 'பாக்கெட்டியூப்' என்ற பிரவுசர் நீட்சி இருக்கிறது. யூடியூப் கைவிட்ட குழு வசதியை அது யூடியூப் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. எந்த நீட்சியையும் நிறுவும் முன் அது என்னென்ன அனுமதிகளைக் கேட்கிறது என்று படியுங்கள், அமைத்த குழுக்களை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் 'நியூபைப்', கணினியில் 'ஃப்ரீடியூப்' என்று இரண்டு திறமூலச் செயலிகளும் உண்டு. இரண்டும் கூகுள் கணக்கில் நுழையாமலே சேனல்களைப் பின்தொடர விடுகின்றன, சேனல்களைப் பிரித்து வைக்கவும் விடுகின்றன, டேக்அவுட் கோப்பிலிருந்து பட்டியலையும் ஏற்றுக்கொள்கின்றன. இவை யூடியூபின் அதிகாரபூர்வச் செயலிகள் அல்ல. நியூபைப் பிளே ஸ்டோரில் கிடைக்காது. யூடியூப் தன் பக்கத்தில் எதையாவது மாற்றும்போது சில நாட்கள் வேலை செய்யாமல் நின்றுபோகவும் கூடும்.

என் விருப்பம் ஆர்எஸ்எஸ், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருகிறவற்றின் பட்டியலை 'ரீடர்' என்ற தனிச் செயலிக்கு அனுப்பும் ஓடை. ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை ஒன்று இன்றும் இருக்கிறது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ரீடர் செயலியில் சேனலின் முகவரியை ஒட்டினாலே அந்த ஓடையை அது கண்டுபிடித்துக்கொள்ளும். கேட்டால் மட்டும், டேக்அவுட் கோப்பின் முதல் பத்தியில் 'யூசி' என்று தொடங்கும் 24 எழுத்து அடையாளத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ரீடரில் கோப்புறைகள் போடலாம், பார்த்ததும் பார்க்காததும் தனித்தனியாகத் தெரியும், பக்கத்தில் பரிந்துரை எதுவும் எட்டிப் பார்க்காது. ஓடையில் ஒரு சேனலின் கடைசி 15 காணொளிகள்தான் இருக்கும். ஆகவே அடிக்கடி போடும் சேனல்களுக்கு இது ஒத்துவராது. அபூர்வங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

வீட்டுக்கு ஒரே டிவி

கூடத்து டிவியில் அப்பாவின் கணக்கு திறந்திருக்கும். அதில் பாட்டி காலையில் சுப்ரபாதம் கேட்பார், பேரன் மாலையில் கார்ட்டூன் பார்ப்பான், அம்மா புடவைக் கடை வீடியோ பார்ப்பார். அப்பா இரவில் வந்து உட்காரும்போது அவருடைய ஹோம் பக்கத்தில் அவருக்கென்று எதுவும் இருக்காது. இதற்கு மருந்து, டிவியிலேயே ஒவ்வொருவர் கணக்கையும் சேர்த்து வைப்பது. திறக்கும்போது யார் பார்க்கிறார் என்று தேர்ந்தெடுத்தால் போதும். பாட்டிக்குத் தனிக் கணக்கு தொடங்கி, அவருக்குப் பிடித்த ஏழெட்டுச் சேனல்களுக்கு நீங்களே சந்தா சேர்த்துக் கொடுங்கள். ரிமோட்டில் தட்டச்சு செய்து தேடுவது பெரியவர்களுக்குப் பெரும்பாடு. சந்தாப் பக்கம் அவர்களை அதிலிருந்து காப்பாற்றும்.

ஒரே ஆளுக்கும் இந்தப் பிரிவினை உதவும். ஒரு கூகுள் கணக்கின் கீழேயே ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்களை உருவாக்கிக்கொள்ளலாம். காணொளி எதுவும் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தாப் பட்டியலும் தனி வரலாறும் இருக்கும். 'படிப்பு' என்று ஒன்று, 'வீடு' என்று ஒன்று வைத்துக்கொண்டால், வேறு எந்தச் செயலியும் இல்லாமல் யூடியூபே தருகிற இரண்டு அறைகள் கிடைத்துவிடும்.

சிறு குழந்தைகளுக்கு 'யூடியூப் கிட்ஸ்' செயலியில் 'அப்ரூவ்டு கன்டென்ட் ஒன்லி' என்ற அமைப்பு உண்டு. பெற்றோர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேனல்களும் காணொளிகளும் தவிர வேறெதுவும் வராது, தேடலும் இருக்காது. பிள்ளைக்கு நீங்கள் போட்டுத் தரும் சந்தாப் பட்டியல் அது. தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொரு சேனலிலும் நாலைந்து காணொளிகளையாவது முழுதாகப் பாருங்கள்.

பருவத்துக்குச் சந்தா

சில சேனல்கள் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டும் தேவை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சென்னையிலோ கடலூரிலோ நாகையிலோ இருப்பவருக்கு வானிலைச் சேனல் அன்றாடத் தேவை. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்றவர்களின் சேனலுக்கு அப்போது மணி 'ஆல்' நிலையில் இருக்கட்டும். பொங்கலுக்குப் பிறகு 'நன்' ஆக்கிவிடலாம். மார்கழியில் கச்சேரிகளை ஒளிபரப்பும் பரிவாதினி போன்ற சேனல்களுக்கும் இதே முறைதான். தேர்தல் காலத்தில் அரசியல் அலசல்களுக்காகச் சேர்ந்தவற்றை, முடிவு வந்த வாரமே ஒருமுறை பார்த்து விலக்குங்கள். தேர்வு எழுதி முடித்தவர் அந்தப் பாடச் சேனல்களை விட்டு விலகத் தயங்கவே வேண்டாம். பருவம் மாறும் இந்த நாட்களையே பட்டியலைச் சரிபார்க்கும் நாட்களாக வைத்துக்கொண்டால், தனியாக நாள் குறிக்க வேண்டியதில்லை.

அப்படிச் சரிபார்க்கும்போது, நீங்கள் சேர்ந்ததாக நினைவே இல்லாத ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். சேனல்கள் பெயர் மாற்றுவது வழக்கம்தான். ஆனால் நேற்று வரை சமையல் செய்துகொண்டிருந்த சேனல் இன்று வெளிநாட்டுக் கார் நிறுவனத்தின் பெயரில் நேரலை செய்துகொண்டிருந்தால், கிரிப்டோ நாணயம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகச் சொன்னால், அது களவாடப்பட்ட சேனல். சந்தாதாரர்கள் அதிகமுள்ள சேனல்களைக் கைப்பற்றி இப்படி ஏமாற்றுவது உலகெங்கும் நடக்கிறது. திரையில் காட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள், நேரலைக்குக் கீழேயுள்ள இணைப்புகளைத் தொடாதீர்கள். 'ரிப்போர்ட்' கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். சந்தாவை மட்டும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். உரியவர் சேனலை மீட்டுவிட்டால் பழைய பெயரும் காணொளிகளும் பெரும்பாலும் திரும்பிவிடும்.